விட்டுப்போன எண்

மாலைச் சிற்றுண்டிக்கு வடை தட்டுகிறீர்கள். மாவு சரியாக 24 வடைக்கு வருகிறது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து, "இதை ஏன் வீணாக்க வேண்டும்?" என்று இருபத்தைந்தாவதாக ஒன்றையும் எண்ணெயில் போட்டுவிடுகிறீர்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்!

24 வடையாக இருந்தவரை நிம்மதி. வீட்டில் இரண்டு பேரா, தலைக்குப் பன்னிரண்டு. மூன்று பேரா, எட்டு. நாலு பேரா, ஆறு. ஆறு பேர், எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் வந்தாலும் சண்டையில்லாமல் பங்கிட்டுவிடலாம். 25 ஆனதோ இல்லையோ, சரியாக ஐந்து பேர் இருந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் ஒன்று மிஞ்சி நிற்கும். அந்த ஒன்றுக்காகக் குழந்தைகள் போடும் ரகளையை நான் சொல்ல வேண்டியதில்லை.

வடை ஒன்று கூடியது. பங்கிடும் சௌகரியம் குறைந்தது. எண்களுக்குள்ளே இப்படிப் பரோபகாரிகளும் உண்டு, கஞ்சர்களும் உண்டு. இந்தப் பரோபகாரிகளைத் தேடிப் பிடித்து வரிசையாக நிறுத்தியவர் நம் ஊர்க்காரர் ஒருவர். அந்த வரிசையில் அவர் ஓர் எண்ணை விட்டுவிட்டார். விட்டுப்போன அந்த எண்ணின் கதை, கல்வராயன் மலை மேலே போகிற பஸ்ஸில் ஒரு சிறுமிக்காக நான் சொல்ல நேர்ந்த கதை.

என் தங்கை கள்ளக்குறிச்சியில் கணக்கு உபாத்தியாயினி. சென்ற வருஷம் காலாண்டுப் பரீட்சை முடிந்த சமயம் அவள் வீட்டுக்குப் புறப்பட்டேன். "வருகிற வழியில் திருக்கோவிலூரில் இறங்கிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வா அக்கா" என்று எழுதியிருந்தாள். இறங்கினேன். ஒரு காலை ஆகாயத்துக்குத் தூக்கி நிற்கும் உலகளந்த பெருமாளை அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கழுத்து வலித்ததே தவிர, மனம் போதும் என்று சொல்லவில்லை. மூன்றே அடியில் உலகத்தை அளந்தவராயிற்றே!

அந்த ஊருக்கு 1910-ம் வருஷம் இன்னொருவரும் வந்தார். அவர் வந்தது பெருமாளை உத்தேசித்து அல்ல. டிப்டி கலெக்டரை உத்தேசித்து. வயது 22. கும்பகோணத்துப் பையன். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். கணக்கில் இருந்த பித்தில் மற்றப் பாடங்களைக் கைவிட்டதனால் வந்த வினை. முந்தைய வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மணப்பெண் ஜானகிக்கு வயது பத்து. கையில் பணமில்லை, உத்தியோகமில்லை. இருந்ததெல்லாம் கணக்கு எழுதி நிரப்பிய நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். பெயர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன்.

டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்துக்கு வித்திட்டவர் அவர்தான். ராமானுஜன் அவரிடம் கேட்டது ரெவின்யூ இலாகாவில் ஒரு குமாஸ்தா வேலை. ஐயர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டியவர் அசந்து போனார். ஆனால் வேலை கொடுக்கவில்லை! இப்பேர்ப்பட்ட மேதையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து நசுக்கிவிட மனம் வரவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பி வைத்தார்.

வேலை கேட்டு வந்தவனுக்குக் கிடைத்தது கடிதம்! அன்றைக்கு ராமானுஜனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? கும்பகோணத்தில் காத்திருந்த தாயாரின் மனந்தான் என்ன பாடுபட்டிருக்கும்? ஐயர் செய்தது சரிதான் என்று இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியவள் நானாக இருந்திருந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகந்தான்.

கடிதம் வீண்போகவில்லை. நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம். 1914 மார்ச்சில் கப்பல். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. டாக்ஸியின் 1729-ம் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது வேறு.

திருக்கோவிலூர் 2019-ல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. "ராமானுஜன் எங்கள் மாவட்டத்துக்கு வேலை தேடி வந்தவர்" என்று என் தங்கை இப்போது பெருமை அடித்துக்கொள்கிறாள். வேலை கிடைக்கவில்லை என்பதை மட்டும் மெதுவாகத்தான் சொல்கிறாள்!

நான் போய்ச் சேர்ந்த மறுநாள், விடுதியில் தங்கிப் படிக்கும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியை வெள்ளிமலைப் பக்கத்திலுள்ள அவள் வீட்டில் கொண்டுபோய் விடத் தங்கை கிளம்பினாள். மலையைப் பார்க்கும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கீழே கரும்பும் நெல்லும். மேலே போகப் போக மரவள்ளியும் சாமையும். காற்றே வேறு காற்று.

சிறுமி மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொந்த ஊருக்குப் போகிற குழந்தையின் முகமா அது?

"என்னடி விஷயம்?" என்று தங்கையின் காதில் கேட்டேன்.

"கணக்கில் மார்க்குப் போய்விட்டது. 360-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் அத்தனையையும் எழுதச் சொல்லியிருந்தேன். 24 எண்கள். 23 எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட்டாள். அத்தனையையும் என்று கேட்டால் அத்தனையையும் எழுத வேண்டாமா? ஐந்து மார்க்கும் போச்சு."

"ஒன்று குறைந்ததற்கு ஐந்துமா?"

"பெட்டிச் சாவியில் ஒரு பல் இல்லாவிட்டால் பூட்டு திறக்குமா அக்கா?"

என் தங்கை வகுப்பில் எப்படி இருப்பாள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

சிறுமி தலையைத் தூக்காமல், "எனக்குக் கணக்கு வராது டீச்சர். நான் இனிமே வரல்லே" என்றாள்.

சொன்ன விதம் எனக்குச் சுருக்கென்றது. அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் செய்துவிடலாம். தீர்மானம் செய்துவிட்ட குரலில் சொன்னாள். தங்கையின் முகமும் மாறிவிட்டது. மலையில் பள்ளிக்கூடத்தை நிறுத்திய பெண் குழந்தையைத் திரும்ப அழைத்து வருவது எவ்வளவு சிரமம் என்பது அவளுக்குத் தெரியும்.

பரீட்சைத் தாளை வாங்கிப் பார்த்தேன். 1, 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12, 15, 18, 20, 24, 30, 36, 40, 60, 72, 90, 120, 180, 360. என்ன அழகான கையெழுத்து! விட்டுப்போனது 45.

"இந்த எண்களெல்லாம் தனி ஆட்கள் இல்லை, தம்பதிகள்" என்றேன். "ஒன்றுக்கு ஜோடி 360. இரண்டுக்கு ஜோடி 180. மூன்றுக்கு 120. ஜோடியைப் பெருக்கினால் 360 வரும். எட்டுக்கு ஜோடி யார்?"

கொஞ்ச நேரம் விரலை மடக்கினாள். "நாப்பத்தஞ்சு."

"எட்டை மணையில் உட்கார வைத்துவிட்டு அவன் பெண்டாட்டியை வாசலிலேயே விட்டுவிட்டாயே!"

சிறுமி சிரிக்கவில்லை. பின் சீட்டிலிருந்த ஒரு பாட்டியம்மாள்தான் சிரித்தாள். அப்போதுதான் நான், "ராமானுஜன் தெரியுமா? அவரும் இதே மாதிரி ஒன்றை விட்டிருக்கிறார்" என்றேன்.

தலை நிமிர்ந்தது.

வடைக் கணக்குக்கு வருவோம். 12-ஐ ஆறு எண்கள் வகுக்கும்: 1, 2, 3, 4, 6, 12. பன்னிரண்டுக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இந்த யோக்கியதை கிடையாது. 24-க்கு எட்டு, அதற்குக் கீழே எட்டு உள்ளது எதுவும் இல்லை. 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. தனக்குச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகமான வகுத்திகளைப் பெற்ற எண் எதுவோ, அதுதான் நான் சொன்ன பரோபகாரி. தமிழில் மிகு பகு எண் என்று சொல்லலாம்.

(36-க்கு மட்டும் ஏன் ஒற்றைப்படையாக ஒன்பது என்கிறீர்களா? ஆறுக்கு ஜோடி ஆறேதான். தன்னையே மணந்துகொண்ட பிரம்மசாரி!)

நம் முன்னோர்களுக்கு இந்த ரகசியம் அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 60 நாழிகை; ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை; பிரபவ முதல் அக்ஷய வரை வருஷங்கள் 60. கலத்துக்கு 12 மரக்கால். பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. ஒரு ரூபாயை மூன்று பேர் பங்கிட்டால் தலைக்கு ஐந்தணா நாலு தம்பிடி, சுத்தமாகத் தீர்ந்துவிடும். 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தது. மூன்று பேருக்கு 33 போக ஒன்று மிச்சம். "அந்த ஒரு காசு யாருக்கடி?" என்று எங்கள் பாட்டி கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கார் அவளுக்குப் பதில் சொல்லவே இல்லை.

கிரேக்க ஞானி பிளேட்டோவும் பாட்டியின் கட்சிதான். தாம் கற்பனை செய்த ஊரில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று எழுதினார். ஏன் 5040? அதை 60 எண்கள் வகுக்கும். ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாமே வகுக்கும். நிலத்தையும் வரியையும் பங்கு போடச் சௌகரியம். 5040 என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ராமானுஜன் இந்த எண்களை ஆராய்ந்தது கேம்பிரிட்ஜில். முதல் மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. குளிர் ஊரில், மரக்கறி உணவைத் தாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, கணிப்பொறி என்ற பேச்சே இல்லாத காலத்தில், கையாலேயே கணக்கிட்டார். 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அறுபது பக்கங்களுக்கு மேல் அந்தக் கட்டுரை வந்தது. எழுதியது இன்னும் அதிகம். சங்கத்துக்கு அப்போது பண முடையாம், ஒரு பகுதியை நிறுத்திவிட்டார்கள். நின்றுபோனது 1997-ல்தான் அச்சேறியது. காகிதச் செலவுக்காக 82 வருஷம் காத்திருந்த கணக்கு! ஆனாலும் இந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு!

இந்த எண்களின் உள் அமைப்பை அவர் கண்ட விதம், கொலு வைக்கும் பெண்களுக்குச் சட்டென்று புரியும். எந்த எண்ணையும் பகா எண்களாக உடைக்கலாம்: 2, 3, 5, 7, 11, 13 என்று மேலும் உடையாத எண்களாக. கீழ்ப் படி 2-க்கு, அடுத்த படி 3-க்கு, அதற்கு மேல் 5-க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகு பகு எண்ணில் எந்தப் படியிலும் கீழ்ப் படியைவிடப் பொம்மை அதிகமாக இருக்காது. நடுவில் காலிப் படியும் இருக்காது. காரணம் எளிது. 18 என்பது ஓர் இரண்டும் இரண்டு மூன்றும் சேர்ந்தது. அதை மாற்றி, இரண்டு இரண்டும் ஒரு மூன்றுமாக வைத்தால் 12. இரண்டுக்கும் வகுத்திகள் ஆறுதான். ஆனால் 12 சிறியது. ஆகவே 18-க்குக் கொலுவில் இடமில்லை. மேல் படியில் எப்போதும் ஒரே பொம்மைதான் என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார். விலக்கு இரண்டே இரண்டு: 4-ம் 36-ம்.

இப்படிக் கட்டிய கொலுக்களை அவர் வரிசையாக அட்டவணை போட்டார். மொத்தம் 102 எண்கள். கடைசி எண் 6746328388800. அதாவது ஆறு லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதை வகுக்கும் எண்கள் 10080.

அந்த அட்டவணையில்தான் ஒன்று விட்டுப்போயிற்று.

293318625600. இருபத்தொன்பதாயிரத்து 331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பார்த்தால் ஏதோ பட்ஜெட்டில் வருகிற தொகை மாதிரி இருக்கிறதல்லவா? உள்ளே எட்டுப் படிக் கொலு: 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை.

இதற்கு எத்தனை வகுத்திகள்? ஒவ்வொன்றாக எழுதினால் பஸ் சேலம் போய்த் திரும்பிவிடும். வேறு வழி இருக்கிறது. பீரோவில் ஏழு புடவையும் ஐந்து ரவிக்கையும் இருந்தால் 35 விதமாக உடுத்தலாம் அல்லவா? அதே கணக்குத்தான். ஆறு இரண்டுகளில் ஒன்றும் எடுக்காமலிருக்கலாம், ஒன்று எடுக்கலாம், ஆறும் எடுக்கலாம்; ஏழு விதம். நாலு மூன்றுகளில் ஐந்து விதம். ஐந்திலும் ஏழிலும் மும்மூன்று விதம். மற்ற நாலிலும் எடுப்பது, விடுவது என்று இவ்விரண்டு விதம். 7-ஐ 5-ஆல் பெருக்க 35, மூன்றால் 105, மறுபடி மூன்றால் 315, பிறகு இரண்டால் நாலு தடவை: 630, 1260, 2520, 5040.

பிளேட்டோவின் ஊர் வந்துவிட்டது! அந்த மகா எண்ணுக்குச் சரியாக 5040 வகுத்திகள். அந்த 5040-ம் ஒரு மிகு பகு எண். வழியில் வந்த 1260-ம் 2520-ம் கூட அப்படியே. இவ்வளவு குடும்பப் பெருமை வாய்ந்த எண்ணையா அவர் விட்டுவிட்டார்? விட்டுத்தான் விட்டார். உலகம் அந்தக் கட்டுரையைத் தூக்கி எறியவில்லை. 1944-ல் அலவோக்ளு, ஏர்டிஷ் என்ற இருவர் அதை மேலே கொண்டுபோனார்கள், இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

பஸ்ஸில் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. ஆனால் கொலுப் படியைப் பரீட்சைத் தாளின் பின்புறத்தில் போட்டுக் காட்டினேன். இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். சிறுமி தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். அப்புறம் வெள்ளிமலை வரையில் பேச்சில்லை.

வீட்டில் அவள் தகப்பனார் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்தார். புதுச் சாமை வந்திருந்தது. "டீச்சரம்மா, கொஞ்சம் கொண்டு போங்க" என்று படியை எடுத்துவந்து அளக்க ஆரம்பித்தார். விடுதிச் சாப்பாடு, மழை, பஸ் எல்லாம் பேசினோம். பள்ளிக்கூடத்துப் பேச்சை யார் முதலில் எடுப்பது என்று தங்கை தயங்கிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி தனியா இருக்கா, கூட இருந்தா ஒத்தாசையாத்தான் இருக்கும்" என்று தாயார் ஒரு வார்த்தை சொன்னபோது எனக்குப் பகீரென்றது.

சிறுமி இதில் எதையும் காதில் வாங்கவில்லை. முற்றத்து ஓரத்தில் குந்தி, பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். தம்பி ஒருவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் கோழியைத் துரத்தப் போய்விட்டான்.

அரைமணி கழித்து எழுந்து வந்தாள்.

"டீச்சர், அவர் விட்ட எண்ணை இருபத்துமூணாலே பெருக்கினேன்."

"ஏன் 23?" என்றாள் தங்கை.

"கொலுவிலே 19-க்கு மேலே அடுத்த படி 23-தானே? எட்டுப் படி இருந்துச்சு, ஒம்பதாக்கினேன்." தாளை நீட்டினாள். "அவரோட கடைசி எண் வருது டீச்சர்! அவர் விட்டது அவர் எழுதினதுக்குள்ளேயே இருந்திருக்கு!"

தங்கை தாளை வாங்கி, திண்ணையிலேயே ஒவ்வோர் இலக்கமாகப் பெருக்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். 6746328388800. ஓர் இலக்கம் பிசகவில்லை. இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்தது நான்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

தகப்பனார் படியைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க டீச்சரம்மா, தப்பா?" என்று கேட்டார்.

"தப்பில்லை" என்று தங்கை கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள். தாளைத் திருப்பி, பழைய பூஜ்யத்தை அடித்துவிட்டு நாலு என்று போட்டாள்.

சிறுமி பார்த்துக்கொண்டே நின்றாள். விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

"இருபத்துநாலிலே இருபத்துமூணு எழுதினேனே டீச்சர், அஞ்சு மார்க்குக்கு நாலே முக்காலுக்கும் கொஞ்சம் மேலே வருதே?"